வெள்ளைக் கத்தியின் உடைந்த முனை

போட்டோவைப் பார்த்துக் கத்திக்குத் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் வேலை பார்த்த கடையில் இப்போது வீட்டுக்கு ஆள் அனுப்புவது கிடையாது. செராமிக் கத்தி உடைந்துவிட்டால் வாங்கியவர் செல்போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். படத்தைப் பார்த்து, மாற்றித் தரலாமா கூடாதா என்று முடிவு சொல்லிவிடுகிறார்கள். அந்த மேசைக்குப் புதிதாக வந்த இரண்டு பேர் என்னைத் தேடி வந்து, நேரில் போய்ப் பார்த்த காலத்தில் எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார்கள். டீக்கடை வாசலில் நின்று சொல்லி முடிகிற விஷயமாக அது இல்லை.

அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் அப்பா சிரிக்கிறார். நரைமுடி ஒன்றுகூட இல்லாதவனுக்கு என்ன ஓய்வு என்கிறார். ஆனால் வேலையே உலகத்தில் இல்லாமல் போய்விட்டால், அதைச் செய்து முடித்தவனை வேறு எப்படிச் சொல்வது? இப்போது எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். அங்கே எனக்கு எந்தக் குறையும் இல்லை. இருந்தாலும் யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் அவர்கள் நறுக்கும் பலகைக்குத்தான் போகிறது.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். அச்சடித்த காகிதம் எது கையில் கிடைத்தாலும் ஒரு எழுத்து விடாமல் படித்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு. ராயபுரத்தில் அந்தப் பாத்திரக் கடையில் சேர்ந்த புதிதில் பெட்டி பிரித்தேன், ஸ்டிக்கர் ஒட்டினேன், கடை வாசலில் நின்று தக்காளியைக் காகிதம்போல நறுக்கிக் காட்டினேன். கத்தியோடு வரும் விளக்கத் தாளையும் அப்படித்தான் படித்தேன். சிர்கோனியா என்ற ஒரு தூளை அழுத்தி, பயங்கரச் சூட்டில் சுட்டு எடுத்தால் இந்த வெள்ளை அலகு கிடைக்குமாம். எஃகைவிடக் கடினம். துருப் பிடிக்காது. வெங்காய வாடை ஒட்டாது. கூர் எளிதில் மழுங்காது. எடையும் கம்மி. இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சுட்ட மண்ணுன்றியே, டீ கப்பு ஒடையற மாரி ஒடையுமா ஒடையாதா?”

உடையும் என்றேன்.

“அப்ப அத்த மொதல்ல சொல்லு. மீதிய அப்பறம் சொல்லு.”

தாளில் அது கடைசி வரியில், மிகச் சின்ன எழுத்தில் இருந்தது. அன்றைக்குப் பிறகு வாடிக்கையாளரிடம் அப்பா சொன்ன வரிசையில்தான் சொன்னேன். விற்பனை குறையவில்லை. உடையும் என்று தெரிந்து வாங்குகிறவர்கள் பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்.

எந்தக் கத்தி நல்ல கத்தி என்று நீங்கள் கேட்பீர்கள். அலகை டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெள்ளை அலகாக இருந்தால் விளிம்பில் லேசாக வெளிச்சம் ஊடுருவும். அங்கே கீறலோ நிழல் கோடோ தெரிந்தால் வேண்டாம். பிடிக்குள் அலகு நுழையும் இடத்தில் அழுக்கு புகும் இடுக்கு இருக்கக் கூடாது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீண்ட அலகு ஒரு வீட்டுக்குப் போதும். நீளமானதை வாங்கினால் கழுவும்போது குழாயில் இடிக்கும், அங்கேயே கதை முடியும். கீரை, தக்காளி, பீன்ஸ், பழம், எலும்பில்லாத கறி எல்லாவற்றுக்கும் இது ராஜா. மீன் தலை, முருங்கைக்காய், பரங்கிக்காய், ஃப்ரீசரில் கல்லாகிப் போன இறால் இவற்றின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அதற்கு எஃகுக் கத்தியும் அருவாமனையும் வீட்டில் இருக்கட்டும். இது அவற்றுக்குப் போட்டியாக வந்த பொருள் இல்லை.

பிறகு என்னைப் புகார்களைப் பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்கு எஸ்தர் அக்கா தலைமை. நாகர்கோவில் பக்கத்துக்காரர், முதலாளியின் தங்கை. கத்தியைக் கைக்குக் கை கொடுக்கவே விட மாட்டார். நான் மேசையில் வைக்க வேண்டும், அவர் எடுக்க வேண்டும். பழைய குடையிலிருந்து வெட்டிய கறுப்புத் துணி ஒன்று வைத்திருந்தார். உடைந்த கத்தியைக் கழுவித் துடைத்து அதன்மேல் வைப்பார். கறுப்பின்மேல்தான் வெள்ளையின் காயம் தெரியும். பிறகு ஒரு பிடி பஞ்சை எடுத்து, அலகின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி மெதுவாக இழுத்துக்கொண்டே போவார். கண்ணுக்குத் தெரியாத சில்லு பெயர்ந்த இடத்தில் பஞ்சு நூலாக மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு பூதக்கண்ணாடியை எடுப்பார்.

காயத்தைப் படிக்க நானும் கற்றுக்கொண்டேன். விளிம்பு முழுக்க ரம்பம்போலப் பொடிப்பல் இருந்தால், நறுக்கும் முன் கருங்கல் மேடையில் இரண்டு இழுப்பு இழுக்கும் வீடு. நம் பக்கத்தில் அந்தப் பழக்கம் இல்லாத வீடே இல்லை. பிறைநிலா மாதிரி ஒரே இடத்தில் பெயர்ந்திருந்தால் எலும்பு. சில்லே இல்லாமல் மழுங்கி மட்டும் இருந்தால் கண்ணாடிப் பலகை. மாத்தூரில் ஒரு புதுமணத் தம்பதி வெள்ளைக் கத்திக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று பூப்போட்ட கண்ணாடிப் பலகை வாங்கி வைத்திருந்தார்கள். அழகுதான். கத்திக்கு அது எமன்.

உடைந்தது எப்படி என்று வாடிக்கையாளரிடம் கேட்கவே கூடாது என்பது அக்காவின் கட்டளை.

“எப்படி உடஞ்சதுன்னு கேட்டா, அவ்வோ கோர்ட்டுல நிக்க மாதிரி பேச ஆரம்பிச்சிருவாவ. அன்னைக்கு என்ன சமையல்னு கேளு. சமையலப் பத்தி யாரும் பொய் சொல்லமாட்டாவ.”

அது பெரும்பாலும் பலித்தது. நண்டுக் குழம்பு என்று ஆசையாகச் சொல்ல ஆரம்பிப்பார்கள், பாதியில் அவர்களுக்கே புரிந்துவிடும்.

ஒரு தடவை ராயபுரத்தில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மழுங்கிப்போன கத்தியை மாற்றித் தர வேண்டாம், சாணை பிடித்தால் போதும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். சாதாரணச் சாணைக்கு இது மசியாது, வைரத் தூள் பதித்த சக்கரம் வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே தெருவில் சைக்கிள் சாணைக்காரரின் குரல் கேட்டது. பெரியவர் என் பேச்சை விட்டுவிட்டு ஓடினார். சாணைக்காரர் பெடலை மிதித்துச் சக்கரத்தில் கத்தியை வைத்தார். கிரீச் என்ற சத்தம் வந்தது. ஆனால் ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. திருப்பி வைத்தார். அப்போதும் இல்லை. சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கல்லைத் தடவிப் பார்த்தார். கல்லில்தான் வரி விழுந்திருந்தது.

“இன்னா சார் இது, பொறியே வர்ல? இது கத்தி இல்ல சார். பல்லு.”

வேடிக்கையாகச் சொன்னாரோ கடுப்பில் சொன்னாரோ தெரியாது. பிறகு எதையோ படிக்கப்போய், பல் டாக்டர்கள் பல்லுக்கு மேலே வெள்ளை உறை போடுவது இதே சிர்கோனியாவில்தான் என்று தெரிந்துகொண்டேன். அன்று முழுக்க எதிரே வருகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லுவதற்கு நல்லது, கடித்து இழுப்பதற்கு ஆகாது. கத்தியைப் பற்றியும் அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்.

திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில் ஒரே வீட்டிலிருந்து அடுத்தடுத்துப் புகார் வந்தது. மூன்று கத்தி. மூன்றிலும் விளிம்பில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை, முனை மட்டும் உளுந்தளவு போயிருந்தது. முதல் இரண்டைக் கடை மாற்றிக் கொடுத்தது. மூன்றாவது புகார் வந்ததும் எஸ்தர் அக்கா என்னைக் கூப்பிட்டு, நல்ல கத்தி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய், அந்த வீட்டில் ஒரு வேளைச் சமையல் முடிகிறவரை உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்.

அந்த வீட்டுக்காரர் பெயர் தேசப்பன். விசைப்படகில் ஆளாகக் கடலுக்குப் போனவர். வலை இழுக்கும்போது வின்ச் உருளையில் கயிறு வலக்கையைச் சுற்றிவிட்டது. கை பிழைத்தது. ஆனால் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் சொன்னபடி கேட்கும், மற்ற மூன்றும் மரத்துப்போனவை. மனைவி அஞ்சலாட்சி காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிறவர். அவர் விடியும் முன் கிளம்பிவிடுவதால், சமையலைத் தேசப்பன் ஏற்றுக்கொண்டார். மகள் கீர்த்திகாவுக்குப் பள்ளிக்குக் கட்டிக் கொடுப்பதும் அவர்தான்.

நான் போனது ஒரு சனிக்கிழமை. அஞ்சலாட்சி அப்போதுதான் வியாபாரம் முடித்து வந்து அன்னக்கூடையைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, “கத்தி ஆபீசரு வந்துகீறாரு, எய்ந்து வா” என்று குரல் கொடுத்தார்.

அன்னைக்கு என்ன சமையல் என்று நான் கேட்டேன். பீன்ஸ் பொரியல். அதைச் சொல்ல ஆரம்பித்ததும் அஞ்சலாட்சியின் முகம் மாறிவிட்டது. காலையில் வீடு திரும்பியவர் கத்தியைக் கழுவ எடுத்திருக்கிறார். முனையைக் காணோம். தரையில் இல்லை, தொட்டியில் இல்லை. பொரியல் மகளோடு பள்ளிக்குப் போய்விட்டது. கூடையைப் போட்டுவிட்டு ஓடி, வாட்ச்மேனிடம் சண்டை போட்டு, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் டிபன் பாக்ஸைப் பிடுங்கி வந்திருக்கிறார். பேப்பரில் கொட்டி ஒவ்வொரு பீன்ஸாக நசுக்கிப் பார்த்தும் கிடைக்கவில்லை. இரும்பு என்றால் காந்தத்தை வைத்தாவது தேடலாம், இதை எதை வைத்துத் தேடுவது என்று என்னைக் கேட்டார்.  அந்தச் சோற்றைக் காக்காவுக்குப் போடவும் மனசு வராமல் மணலில் குழி தோண்டிப் புதைத்தாராம்.

அன்றிலிருந்து தேசப்பனுக்கு அடுப்படி கிடையாது. கீர்த்திகா படிக்கிற நேரத்தில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். புதுக் கத்தி கொடுத்தாலும் வேண்டாம், இந்தச் சனியனைத் திருப்பி எடுத்துக்கொண்டு போ என்பதுதான் அஞ்சலாட்சியின் புகார்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த தேசப்பன் என் பக்கம் திரும்பினார்.

“கடலுக்கும் போவக்கூடாது, அடுப்பாண்டையும் போவக்கூடாதுன்னா, நா எங்கதான் தம்பி போறது?”

என்னைப் பார்த்துக் கேட்டாலும் அது எனக்கான கேள்வி இல்லை. அஞ்சலாட்சி கூடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

எஃகுக் கத்தி இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, தேசப்பன் பொறுமையாகக் காரணம் சொன்னார். எஃகைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தீட்டுவதற்குப் பிடி வேண்டும், அது அவர் கையில் இல்லை. தீட்டாத கத்தியை அழுத்த வேண்டும், அழுத்தினால் முழங்கை வரை சுண்டி இழுக்கும். வெள்ளைக் கத்தியை இரண்டு விரலால் பிடித்தால் போதும், தானாக இறங்குகிறது. கடை வாசலில் தக்காளி நறுக்கிக் காட்டிய காலத்தில் இப்படி ஒரு காரணத்துக்காக ஒருவருக்கு இந்தக் கத்தி தேவைப்படும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பையிலிருந்த நல்ல கத்தியை எடுத்து, எப்போதும்போல நறுக்குங்கள் என்றேன். அஞ்சலாட்சி முறைத்தார். என் கண் முன்னால்தானே என்று கெஞ்சிச் சம்மதம் வாங்கினேன்.

தேசப்பன் கத்தரிக்காயை நறுக்கினார். நான் குனிந்து அலகையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லில் இழுக்கவில்லை. திருகவில்லை. காம்பைக் கையால் கிள்ளிப் போட்டார். நறுக்கியதைத் தள்ளும்போதும் விளிம்பால் வழிக்காமல் கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளினார். விளக்கத் தாளில் படம் போடலாம், அவ்வளவு சுத்தம். எனக்குக் குழப்பமாகிவிட்டது. நறுக்கி முடித்ததும், கடைப் பழக்கத்தில் கறுப்புத் துணியை விரித்துக் கத்தியை அதில் வைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன். முனை முழுசாக இருந்தது.

மிச்சம் இருந்தது பலகை ஒன்றுதான். பழைய படகிலிருந்து அறுத்தெடுத்த பலகை, தண்ணீர் குடித்துக் குடித்துக் கறுத்திருந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். வலது மூலையில் வெள்ளையாக மூன்று புள்ளி. உப்பு என்று நினைத்துக் கழுவினேன். கரையவில்லை. நகத்தால் கீறினேன். வரவில்லை. பூதக்கண்ணாடியை வைத்தபோதுதான், ஒரு புள்ளி பளபளவென்று முக்கோணமாகத் தெரிந்தது.

இடுக்கியால் அதை மெதுவாக ஆட்டி ஆட்டி எடுத்துக் கறுப்புத் துணியில் வைத்தேன். உடைந்த கத்தியை அதனருகே நகர்த்தினேன். இரண்டும் இம்மி விலகாமல் பொருந்தின.

அஞ்சலாட்சி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப கொயந்த வாயாண்ட போவல.”

“போகலைங்க. பலகையிலதான் இருந்துச்சு.”

 தேசப்பன் பலகையையும் நல்ல கத்தியையும் வாங்கிக்கொண்டு வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தார். அவருக்கு அதுவே தீர்ப்பு வந்த மாதிரி. ஆனால் அஞ்சலாட்சி எழுந்து வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பயம் இறங்கியதும் அந்த இடத்தில் கோபம் ஏறியிருந்தது. முனை பலகைக்குள் போயிருக்கிறது என்றால் யாரோ குத்தியிருக்கிறார்கள், அது யார் என்று கேட்டார்.

“நா ஏம்மே குத்தப்போறேன்? லூசா நானு? காய நறுக்கறேன், கத்திய வெக்கிறேன், அவ்ளோதான்.”

இதைச் சொல்லும்போது தேசப்பன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த கீர்த்திகா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“நைனா, திரும்பிப் பாரு.”

கத்தி பலகையின் வலது மூலையில் முனை குத்தி நின்றுகொண்டிருந்தது. லேசாக ஆடிக்கொண்டும் இருந்தது. வேறு யாரோ வந்து வைத்துவிட்டுப் போனதுபோல அதை அவர் பார்த்தார்.

நான் பாய்ந்து போய், சாயாமல் செங்குத்தாக இழுத்து எடுத்தேன். முனை தப்பியது. அதன் பிறகு அவரே யோசித்து யோசித்துச் சொன்னார். படகில் கத்தியைக் கீழே படுக்கவைக்க மாட்டார்களாம். அலை தூக்கிப் போட்டால் கத்தி வழுக்கிக்கொண்டு போய் யார் கால் கிடைக்கிறதோ அதைப் பதம் பார்க்கும். அதனால் வலையறுத்தாலும் மீனறுத்தாலும் முடித்ததும் பக்கத்துப் பலகையில் ஒரு குத்து. புதிதாக வந்தவன் மறந்து படுக்கவைத்தால் ஓட்டுகிறவர் அவன் அம்மா வரை இழுத்துத் திட்டுவார். எஃகுக் கத்தி அதற்கு வளைந்து கொடுக்கும். இது வளையாது. அதிலும் இவர் கையில் வலு இல்லாததால் குத்து ஆழமாக இறங்குவதில்லை. கத்தி ஒரு பக்கம் சாயும், இரண்டு விரலால் பிடித்து இழுக்கும்போது திருகும். முனை மட்டும் பலகையோடு நின்றுவிடும்.

நான் அதுவரை எத்தனையோ வீட்டில் கத்தி வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஓய்வெடுக்கும்போது பார்த்ததில்லை. உங்களுக்கு வரும் போட்டோவிலும் அது இருக்காது. அதனால் வாடிக்கையாளரிடம் பேசும்போது, நறுக்கி முடித்ததும் கத்தி எங்கே போகிறது என்று கேளுங்கள். ஸ்டீல் பாத்திரங்களோடு தொட்டிக்குள்ளா, கரண்டிகள் கிடக்கும் டிராயருக்குள்ளா, உறைக்குள்ளா? பாதிக் காயம் அங்கேதான் பிறக்கிறது.

எஸ்தர் அக்காவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.  படகைப் பற்றி இரண்டு மூன்று கேள்வி கேட்டார். பிறகு, குத்தி உடைத்தால் மாற்றித் தர விதி கிடையாது, உள்ளதை உள்ளபடி எழுது என்றார். எழுதத்தான் வேண்டும் என்று எனக்கும் தெரியும். போனை வைக்கும் முன், “ஒரு வீட்டு அடுப்படியில காய் நறுக்குன கத்தி திரும்பக் கடைக்கு வரப்பிடாது, கேட்டியா. அது அங்கயே கெடக்கட்டும்” என்றார்.

அக்கா சொன்னது நான் பையில் கொண்டுபோன நல்ல கத்தியை. அதைச் சொன்னபோது அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. கத்தி இலவசமாகக் கிடைப்பதா இங்கே பேச்சு என்றார். இன்றைக்கு முனை பலகையில் இருந்தது, நாளைக்குப் பொரியலில் விழாது என்று நான் எழுதிக் கொடுப்பேனா? என்னால் முடியாது. ஈரத்துணியை மடித்துப் பக்கத்தில் வைத்து, அதன்மேல் படுக்கவையுங்கள் என்று தேசப்பனிடம் சொன்னேன். அக்கறையாகத் தலையாட்டினார். ஒரு வெங்காயத்தை நறுக்கித் துணிமேல் வைத்தார். அடுத்த வெங்காயம் முடிந்ததும் கை தானாக மூலைக்குப் போனது. நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ‘ஏய்’ என்றதும் பாதியில் நின்றது. முனை இல்லாத மொக்கைக் கத்தி ஒன்று கடையில் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றேன். அது பலகையில் நிற்காமல் வழுக்கி அவர் விரலுக்குத்தானே வரும் என்று கீர்த்திகா கேட்டாள். சரியான கேள்வி.

அஞ்சலாட்சி கணவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆசுபத்திரில கைய தைச்சி அனுப்சிட்டாங்க. அது இன்னும் கடலுக்குப் போய்கினேதான் கீது.”

சொல்லிவிட்டு விருட்டென்று வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்து நான் பையைக் கட்ட ஆரம்பித்தேன். தேசப்பன் வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுப் பழையபடி வாசற்படிக்குப் போய் உட்கார்ந்தார்.

அஞ்சலாட்சி திரும்பி வந்தபோது கையில் ஒரு மிதவை இருந்தது. வலை மூழ்காமலிருக்க மேல்விளிம்பில் கோப்பார்களே, அந்தப் பஞ்சு மாதிரி மெத்தென்ற மிதவை. பக்கத்து வீட்டு வலைக் குவியலில் கிடந்த பெரிய உருப்படி. கயிறு போகிற துளை தேய்ந்து அகலமாகியிருந்தது. அதைக் கழுவி, கத்தியைப் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்தார். அலகைவிட மிதவை நீளமாகவே இருந்தது. பலகையின் வலது மூலையில் ஆணி அடித்து, நைலான் கயிற்றால் மிதவையை நட்டமாக நிறுத்தி, வலைக்குப் போடும் முடிச்சைப் போட்டு இறுக்கினார். பாதி கட்டிய பையை நான் கீழே வைத்துவிட்டேன்.

“குத்தாதன்னா கேக்காது அந்தக் கை. இதுல குத்து.”

தேசப்பன் எழுந்து வந்தார். கத்தியைத் துளைக்கு மேலே பிடித்து விட்டார். பிடி வரை இறங்கி நின்றது. முனை எதையும் தொடவில்லை. எடுத்தார், மறுபடி விட்டார். படகில் இருந்தவரை இப்படி ஒரு வசதி இருந்ததில்லை என்றார். அடுப்படிக்குத் திரும்ப அனுமதி உண்டா இல்லையா என்று அவர் கேட்கவுமில்லை, அஞ்சலாட்சி சொல்லவுமில்லை. வெங்காயம் காய்ந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச வாரம் கழித்து, அந்தக் கத்தியைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அக்கா அனுப்பினார். முதல் சில நாள் கை பழைய மூலையைத் தேடியதாம். கீர்த்திகா படித்துக்கொண்டே ‘நைனா, மெதவ’ என்று குரல் கொடுப்பாளாம். இப்போது குரல் தேவைப்படுவதில்லை. துணியை விரித்தேன். பஞ்சை இழுத்தேன். எங்கும் மாட்டவில்லை. முனை முழுசாக இருந்தது.

கிளம்ப எழுந்தபோது அஞ்சலாட்சி தட்டை வைத்துவிட்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

“குந்து. இவரு நறுக்குனதுதான். காத்தால பொண்ணுக்கும் இத்ததான் கட்டிக் குட்த்தாரு.”

சோறும் மீன் குழம்பும், ஓரத்தில் பீன்ஸ் பொரியலும். பீன்ஸ் எல்லாம் ஒரே அளவில் பொடிப்பொடியாக விழுந்திருந்தது. இவ்வளவு சீராக நறுக்கக் கூர் எப்படி இன்னும் நிற்கிறது, கழுவியதும் துடைத்து வைக்கிறீர்களா என்று நான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போனேன். தேசப்பன் கரண்டியோடு எதிரே நின்றார்.

“கத்தியப் பத்தி ஆபீஸ்ல போய் எய்திக்க தம்பி. உப்பு கரீட்டா கீதா, அத்த சொல்லு.”

கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி வைக்கச் சொன்னேன்.